தோட்டைக் கழற்றிக் கொடுத்தால் போதுமா?



போர்க்காலத்தில் படைவீரனுக்குப் பொதுமக்கள் என்ன செய்யலாம்? அள்ளிக் கொடுக்கலாம் என்கிறார்கள் எதிரணியினர். கொடுத்துப் பார்த்த ஊர்தானே ஐயா இது!

1943-ல் நேதாஜி மலாயாவுக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு நிதி கேட்டார். கோலாலம்பூரில் ஜானகி என்ற இளம்பெண், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், காதிலிருந்த வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார். தோட்டப்புறத்துத் தொழிலாளிகளும் இருந்ததைக் கொடுத்தார்கள். பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் நேதாஜியின் தற்காலிக அரசில் நிதியமைச்சராகவே இருந்தார்.

எல்லாரும் மனமுவந்து கொடுத்தார்கள் என்றால் அது பொய். ஜப்பானியர் ஆட்சி, மறுத்தால் என்னாகுமோ என்று பயந்து கொடுத்த வியாபாரிகளும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, கொடுத்தாயிற்று. துப்பாக்கி தூக்கிப் பர்மா எல்லைக்குப் போனவனின் வீடு என்ன ஆனது? அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம் அது. அதே தோட்டங்களிலிருந்துதான் சயாம் மரண ரயில்பாதைக்கும் ஆயிரக்கணக்கில் ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மேடைக்கு வந்த தங்கத்துக்குக் கணக்கு உண்டு. லயத்து வீட்டில் காத்திருந்தவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த ஒரு பிடி கிழங்குக்குக் கணக்கு ஏது? அவனை அங்கே நிற்க வைத்தது அந்தக் கிழங்குதான்!

போர் முடிந்தது. செங்கோட்டை விசாரணை நடந்தபோது இந்தியாவே கொதித்தது. ஆனால் 1947-க்குப் பிறகும் அவர்களை இந்திய ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. தியாகி ஓய்வூதியத் திட்டம் வந்தது 1972-ல். இடையில் 25 வருடம்! மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பலர் தோட்டத்துக்கே திரும்பி மறுபடி பால் வெட்டினார்கள்.

இன்று மலேசியாவில் ஜூலை 31 வீரர் தினம். அதையொட்டி நடக்கும் நிதி திரட்டலில் நாலு வெள்ளி போடுவது நல்ல காரியம்தான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் 21 ஆண்டு சேவை முடிக்காமல் விலகிய சாதாரணப் படைவீரருக்குப் பொதுவாக ஓய்வூதியம் கிடையாது. அடுக்குமாடி வாசலில் காவலாளியாக உட்கார்ந்திருப்பவர் ஒரு காலத்தில் எல்லையில் நின்றவராக இருக்கலாம். அவருக்கு என்ன உதவித்தொகை உண்டு என்று விசாரித்து, அந்தப் படிவத்தை நிரப்பித் தர, கணினி தெரிந்த மாடிவீட்டுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் ஆகும்.