தலையை எண்ணினார்கள், ஓட்டை எண்ணவில்லை

(கட்டபெட்டில் தோழர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆட்சியிலிருக்கிற கட்சி தனக்கு ஆதாயம் வருகிற மாதிரி தொகுதி எல்லையை மாற்றி வரையலாமா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனா, ‘எதிரி வரையுறான், நமக்கு வேண்டிய கட்சியும் வரைஞ்சா என்ன தப்பு?’ என்று கல்லூரித் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். அவர்களோடு பேசத்தான் வந்திருக்கிறேன்.

இந்தக் கட்டபெட்டு ஜங்ஷன்லருந்து சுத்திப் பாருங்க. படுகர் இருப்பது ஹட்டி. தோடர் இருப்பது மந்து. கோத்தர் இருப்பது கோக்கால். தோட்டத் தொழிலாளி இருப்பது லைன் வீடு. நம்ம ஜனம் இருப்பது காலனி. இடத்தைச் சொன்னாலே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். கீழ்நாட்டில் ஊர், சேரி என்று இரண்டாகக் கிடப்பது இங்கே ஐந்தாகக் கிடக்கிறது. ஆக, எல்லை வரைய உட்காருகிறவனுக்குச் சாதிக் கணக்கெடுப்பு தேவையே இல்லை. கோட்டை ஏற்கெனவே சாதி போட்டு வைத்திருக்கிறது, அதன்மேல் அவன் பென்சிலை ஓட்டினால் போதும். கலந்து வாழ்கிறவனை வெட்டுவது கஷ்டம். ஒதுக்கி வைக்கப்பட்டவனை வெட்டுவது சுலபம்.

கணக்காகவே பார்க்கலாம். 900 ஓட்டு, 3 வார்டு, ஆளுக்கு 300 என்று வையுங்கள். அதில் நம்ம ஓட்டு 360. நேர்மையாக வரைந்தால் இரண்டு வார்டில் 180, 180 என்று பெரும்பான்மை வரலாம். காலனியை மூன்றாகப் பிச்சு 120, 120, 120 என்று போட்டால் எங்கேயும் ஜெயிக்க முடியாது. இல்லை, 300 பேரையும் ஒரே வார்டில் அமுக்கிவிட்டு மீதி 60ஐச் சிதறவிட்டால் ஒன்றோடு சரி. ஒரு ஓட்டும் குறையவில்லை, ஒரு கள்ள ஓட்டும் விழவில்லை, தேர்தல் அமைதியாக நடந்தது என்று பேப்பரில் வரும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலம், டஸ்கெகீ என்று ஒரு ஊர். 1957இல் சதுரமாக இருந்த அந்த நகர எல்லையை ஒரு சட்டம் போட்டு 28 பக்கமுள்ள உருவமாக மாற்றினார்கள். சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர அத்தனை பேரும் ஊருக்கு வெளியே. வெள்ளையர் ஒருத்தர்கூட வெளியே போகவில்லை. 1960இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதைத் தடுத்தது. சேரியை ஊர்க்கணக்கிலிருந்து தள்ளுகிற வித்தை நமக்குப் புதுசா என்ன?

அதைவிட மோசமானது நம்ம குடும்பங்களிலேயே நடந்திருக்கிறது. இங்கே இருப்பவர்களில் பலருடைய தாத்தா பாட்டி கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் கொழுந்து பறித்தவர்கள். 1947 தேர்தலில் அங்கே இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. வேறு சில தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளைக் கரையேற்றியது. ஆட்சியிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு இது பொறுக்கவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம், வாக்காளர் பட்டியலிலிருந்து தோட்டத் தொழிலாளியைத் துடைத்தெறிந்தார்கள். (ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்துப் பேசினார், அப்புறம் அதே அரசில் மந்திரியானார். மேட்டுக்குடித் தமிழ் ஒற்றுமை அவ்வளவுதான்.) 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, தொகுதிகள் அப்படியே இருந்தன என்பது. மலைநாட்டுத் தொகுதிகளை வகுத்தபோது அங்கே குடியிருந்த எல்லோர் தலையையும், நம்ம ஆட்கள் தலையையும் சேர்த்துத்தான் எண்ணி வகுத்தார்கள். அந்தத் தலைகளுக்கு ஓட்டு இல்லை என்று ஆக்கிய பிறகும் இடங்களைக் குறைக்கவில்லை. நம்ம தலைக்கணக்கில் வந்த இடத்தில் பக்கத்து ஊர்க்காரன் ஓட்டுக்கு இரண்டு மடங்கு பலம். கோட்டைத் தொடாமலே செய்த கோட்டு மோசடி இது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தபோது யாரும் நம்மைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான், ஓட்டு இல்லாத ஜனத்தை? அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1968இல் இந்த மலையில் அரசு தேயிலைத் தோட்டம், இப்போதைய டேன்டீ.

சரி, இங்கே வந்து ஓட்டு கிடைத்தது. 2006 தேர்தல்வரை குன்னூர் தனித்தொகுதி. 2008 மறுவரையறையில் குன்னூர் பொதுவாகி, கூடலூர் தனியானது. பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதி பொதுவாகி, நீலகிரி தனியானது. பெரம்பலூரில் 1996, 1999, 2004இல் ஜெயித்த ஆ. ராசா 2009இல் இங்கே வந்து நின்று ஜெயித்தார். ஏதோ ஒரு கட்சி சதி பண்ணி இதை வரைந்தது என்று நான் சொல்லவில்லை. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 குடிமதிப்பை வைத்து வரைந்தது. ஆனால் நீலகிரி எம்.பி. தொகுதியைப் பாருங்கள்: மலைமேல் மூன்று சட்டமன்றத் தொகுதி, கீழே மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் என்று மூன்று. ஓட்டு அதிகம் கீழே. தேயிலை விலையும் லைன் வீட்டு ஒழுகலும் அங்கே தேர்தல் பிரச்சினை ஆகுமா? அந்த ஆணையத்தில் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இணை உறுப்பினர்கள். ஓட்டுரிமை இல்லை, யோசனை சொல்லலாம். லைன் வீட்டுக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது.

‘தனித்தொகுதி மட்டும் நமக்காக வரைந்த கோடு இல்லையா?’ என்று கேட்பார்கள். இல்லை. அது ஒளித்துச் செய்வதல்ல. இத்தனை சதவீதம் ஜனம், இத்தனை இடம் என்று சட்டத்தில் எழுதி எல்லோர் முன்னாலும் செய்வது. அதன் கோளாறு வேறு இடத்தில். 1932 பூனா ஒப்பந்தத்தில் 148 இடம் கொடுத்தார்கள், நம்ம ஜனம் மட்டும் ஓட்டுப்போட்டு நாலு வேட்பாளரைப் பொறுக்கியெடுக்கிற முதல் சுற்றும் இருந்தது. இந்த நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்த இரட்டைமலை சீனிவாசன் அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அரசியல் சட்டம் வந்தபோது இட ஒதுக்கீடு தங்கியது, முதல் சுற்று போய்விட்டது. தனித்தொகுதியிலும் நம்ம ஆளை யார் என்று முடிவு பண்ணுவது ஊர்தான். கோடு யாருக்கு வசதியாக விழுகிறதோ அவருக்கு வசதியான தலித்தே எம்.எல்.ஏ. ஆவார். ஊருக்கு வசதிப்படாத தலித் ஜெயித்தால் என்ன ஆகும் என்பதை 1997 ஜூன் 30இல் மேலவளவு முருகேசனும் தோழர்களும் வெட்டப்பட்டபோது பார்த்தோம்.

இப்போது மாணவர்களின் கேள்விக்கு வருகிறேன். 2025இல் டெக்சாசில் ட்ரம்ப் கட்சி ஐந்து இடம் கூடுதலாக வேண்டுமென்று நடுவிலேயே எல்லையை மாற்றியது. பதிலுக்குக் கலிபோர்னியாவில் எதிர்க்கட்சி நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தன் பங்குக்கு மாற்றியது. இங்கே 2022இல் ஜம்மு காஷ்மீரில் ஏழு புது இடங்களில் ஆறு ஜம்முவுக்கு, ஒன்று காஷ்மீருக்கு. 2011 கணக்கில் மக்கள் அதிகம் காஷ்மீரில். நமக்கு வேண்டிய கட்சியும் வரையட்டும் என்றால், பென்சில் யார் கையில் இருக்கும்? மாவட்டச் செயலாளர் கையில். அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்? அவர் காலனியைக் காப்பாற்ற வரைய மாட்டார், தன் இடத்தைக் காப்பாற்ற வரைவார். மூன்று பக்கமும் ஓட்டு பற்றாக்குறை வந்தால் நிரப்புகிற மண் நாம்தான்.

உள்ளாட்சியில் இது இன்னும் கிட்டத்தில் நடக்கிறது. 2017 மறுவரையறையில் வார்டு வரைவை அதிகாரிகள் வெளியிட்டு ஆட்சேபணை கேட்டார்கள். கொடுக்கப்பட்ட நாட்களோ கொஞ்சம். அதற்குள் மனு எழுத நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும். அடுத்த முறை வரைவு வந்த பிறகு ஓடக்கூடாது. எந்த லைனில் எத்தனை வீடு, எத்தனை ஓட்டு, இப்போது எந்த வார்டு, ஒரே லைன் இரண்டாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஒரு நோட்டு போடுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மாணவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். கூடலூர்த் தோழர்கள் செக்‌ஷன் 17 நிலத்து வீடுகளை விட்டுடாதீங்க. பட்டா இல்லேன்னு அதிகாரி அந்த வீடுகளைக் கணக்கிலேயே சேர்க்காமப் போவார், ஆனா வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கு. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து நோட்டில் ஒட்டிக்கொண்டு வாருங்கள்.