குத்துச்சண்டைக்காரனும் வருமான வரியும்



பணக்கார விளையாட்டுக்காரர்கள் மேல் வரியைக் கூட்டினால் அவங்க விளையாட்டையே விட்டுடுவாங்க, பொருளாதாரம் படுத்துடும் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டே இருக்கு. ஜோ லூயிஸ் கதையை வைத்து இதைப் பார்ப்போம்.

1914இல் அலபாமாவில், வாரத்துக்கு உழுத கருப்பின விவசாயி வீட்டில் பிறந்தவர். 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் உலக சாம்பியன். 1942இல் இரண்டு சண்டைகளின் பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். கருப்பரைப் பெரும்பாலும் சமையல், பரிமாறும் வேலைக்கே எடுத்த கடற்படை அது! கொடுத்த பணமும் அவர் வருமானமாகவே கணக்கில் ஏறியது. 1944இல் உச்சவரி 94 சதவீதம். பாக்கி, வட்டி எல்லாம் சேர்ந்து பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஓய்வு பெற்றவர் 1950இல் கடனுக்காக மறுபடி மேடையேறினார். 1951இல் மார்சியானோவிடம் விழுந்தார்.

அப்ப வரியே தப்பா? இல்லை. உச்சவரி 91 சதவீதமாக இருந்த 1950களில் அமெரிக்கப் பொருளாதாரம் வளர்ந்தது. ஆனால் அதே சட்டம் பங்கும் நிலமும் விற்ற லாபத்துக்கு ஏறத்தாழ 25 சதவீதம்தான் கேட்டது. லூயிஸிடம் விற்க இருந்தது உடம்பு மட்டும்; அதுவும் சில வருசம்தான். சொத்துக்காரனுக்கு ஓட்டை இருந்தது, உழைத்தவனுக்கு இல்லை.

2025இலும் அங்கே சம்பளத்துக்கு உச்சம் 37, நீண்டகால மூலதன லாபத்துக்கு 20.

எவ்வளவு வரி என்று மட்டும் கேட்டால் போதாது தோழர்களே. வியர்வை மேலா, சொத்து மேலா? உடம்பைத் தவிர வேறு சொத்தில்லாத நாம்தான் இதை முதலில் கேட்கணும்.