வலயத்தை வென்றவருக்கு ஓர் இடம்



தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை அணி வலய மட்டத்தில் வென்றால்தான் மாகாண மட்டத்துக்குப் போகும். தோற்றால் அந்த வருடம் அவ்வளவுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

அங்கே பல்கலைக்கழகங்கள் முப்பதுக்கும் மேற்பட்ட கூட்டமைப்புகளாகப் பிரிந்து, குளிர்காலம் முழுக்கத் தங்களுக்குள் ஆடுகின்றன. மார்ச் மாதத்தை ஒட்டி ஒவ்வொரு கூட்டமைப்பும் தனியாக ஒரு சுற்றுப்போட்டி வைக்கும். அதில் கிண்ணம் வெல்லும் அணிக்கு, 68 அணிகள் மோதும் தேசியப் போட்டியில் நேரடி இடம். மிச்ச இடங்களை ஒரு தெரிவுக்குழு நிரப்பும். அந்த இடங்கள் பெரும்பாலும் பணமும் பெயரும் உள்ள கூட்டமைப்புகளுக்கே போய்ச் சேரும். சின்ன அணிகளுக்கு இந்தக் கிண்ணத்தை விட்டால் வேறு வழி அநேகமாகக் கிடையாது.

2018இல் 'அமெரிக்கா ஈஸ்ட்' என்ற சின்னக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டம். புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த வெர்மான்ட், தன் சொந்த அரங்கில் நிற்கிறது. எதிரே மேரிலாண்டின் பால்டிமோர் கவுண்டிப் பல்கலைக்கழகம். வெர்மான்டிடம் தொடர்ந்து 23 முறை தோற்ற அணி. ஆட்டம் முடியும் தறுவாயில் பால்டிமோர் அணியின் ஜெய்ரஸ் லைல்ஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. 65க்கு 62.

ஆறு நாள் கழித்து, தரவரிசையில் கடைசியான பதினாறாம் நிலையில் வைக்கப்பட்ட அதே அணி, தேசியப் போட்டியின் முதல்நிலை அணியான வர்ஜீனியாவைச் சந்தித்தது. ஆண்கள் போட்டியில் பதினாறாம் நிலை அணிகள் அதுவரை முதல்நிலை அணிகளோடு ஆடிய 135 ஆட்டங்களிலும் தோற்றிருந்தன. இடைவேளையில் 21க்கு 21. அதன் பிறகு வர்ஜீனியாவால் அவர்களைப் பிடிக்கவே முடியவில்லை. 74க்கு 54!

வருடம் முழுக்க நன்றாக ஆடிய வெர்மான்டுக்கு இது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். முன்பு நிலைமை இன்னும் கடுமை: 1974இல் ஒரு கூட்டமைப்பிலிருந்து ஓர் அணிக்கு மட்டுமே இடம். கிரீன்ஸ்போரோவில் மேலதிக நேரம் வரை போன இறுதி ஆட்டத்தில் 103க்கு 100 என்று வட கரோலினா ஸ்டேட்டிடம் தோற்ற மேரிலாண்டால் (இது பால்டிமோர் அணியல்ல, வேறு பல்கலைக்கழகம்), நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றாக இருந்தும் தேசியப் போட்டிக்குப் போக முடியவில்லை. வென்ற அணி அந்த வருடம் தேசியக் கிண்ணத்தையே எடுத்தது. மறு வருடமே விதியைத் தளர்த்தி, இரண்டாம் அணிக்கும் வழிவிட்டார்கள். ஆனால் அதனால் பலன் பெற்றவை பெரிய கூட்டமைப்புகள்தான்.

ஆகவே சின்னக் கூட்டமைப்புகளின் நேரடி இடத்தில் கைவைக்கக் கூடாது என்பேன். இங்கேயும் இதே கணக்குத்தான்: நமது பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான விசேட ஒதுக்கீட்டில் நுவரெலியாவும் சேர்ந்திருக்கிறது. கொழும்புப் பிள்ளையின் இசட் புள்ளியோடு மட்டும் அளந்திருந்தால், நம் லயங்களிலிருந்து மருத்துவபீடம் போனவர்களில் எத்தனை பேர் போயிருப்பார்கள்? ஒதுக்கீடு தரத்தைக் குறைக்கும் என்பவர்களுக்கு வர்ஜீனியா ஆட்டத்தின் புள்ளிகளைக் காட்டலாம்.

வெர்மான்ட் 2019இல் மறுபடி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே அதே பால்டிமோர் அணி. இந்த முறை வெர்மான்ட் வென்று, தேசியப் போட்டிக்குப் போனது.