திரையில் வாழும் தொல்விலங்கு



பூதக் கதை கேட்கும் பிள்ளை, "இது மெய்யா?" என்று வினவினால், "இல்லை" என்கிறோம், அச்சமும் வியப்பும் ஒருங்கே அகன்றுவிடுகின்றன. டைனோசரைப் பற்றி வினவினாலோ, "மெய்தான், இன்று இல்லை" என்கிறோம். அச்சம் அகல்கிறது, வியப்பு நிலைக்கிறது. திரையில் அவ்விலங்குக்குள்ள நீங்காக் கவர்ச்சி இதுவே.

1914இல் வின்சர் மக்கே என்ற அமெரிக்க ஓவியர் 'கேர்ட்டி' என்னும் டைனோசரை வரைந்து திரையில் உலவவிட்டார். அவர் அதட்ட, அப்பேருருவம் குழந்தைபோல் அழுதது. 1993இல் வெளிவந்த ஸ்பீல்பேர்க்கின் 'ஜுராசிக் பார்க்' இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதில் டைனோசர்கள் தோன்றுவது ஏறத்தாழ 15 நிமிடங்களே. நினைவில் நின்றவை அவையே.

பறவைகளாய் எஞ்சிய கிளை தவிர, அவ்வினம் ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மாய்ந்தது. வலிமை அதனைக் காக்கவில்லை. இன்று உலகை ஆளும் நம்மைக் காப்பது எது? படம் முடிந்ததும் பிள்ளைகளோடு இதனைச் சிந்தியுங்கள்.