தீவாக மாறிய கப்பல்



போர்க்கப்பல் என்றதும் பெரும் பீரங்கிகளும் கடும் வேகமுமே நம் மனக்கண்முன் தோன்றும். அவ்விரண்டும் வாய்க்காத ஒரு சிறு கப்பலின் வரலாற்றை இன்று கூற விரும்புகின்றேன். ‘ஆபிரகாம் கிரைன்சென்’ என்பது அதன் பெயர். ஒல்லாந்துக் கடற்படைக்காக 1936ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட கண்ணிவாரிக் கப்பல் அது. பகைவர் கடலில் இட்ட வெடிகண்ணிகளை அகற்றுவதே அதன் தொழில். நீளம் ஏறத்தாழ 56 மீற்றர். வேகம் மணிக்கு 15 கடல்மைல். மாலுமிகள் 45 பேர்.

1942 பெப்ரவரி இறுதியில், யாவாக் கடற்போரில் நேச நாட்டுக் கப்பற்படை தோல்வியுற்றது. எஞ்சிய கப்பல்கள் அவுஸ்திரேலியாவுக்குத் தப்பிச் செல்லுமாறு பணிக்கப்பட்டன. சுராபாயாவிலிருந்த இக்கப்பலோ யப்பானியப் போர்க்கப்பல்களை எதிர்த்து நிற்கவும் இயலாது; முந்தி ஓடவும் இயலாது. வானிலும் யப்பானிய விமானங்களின் காவல். அந்நிலையில் மாலுமிகள் ஓர் உபாயங் கண்டனர். அருகிலுள்ள தீவுகளில் மரங்களையும் கிளைகளையும் வெட்டிவந்து கப்பலின் மேற்றளத்தைக் காடாக்கினர். மறையாத பகுதிகளுக்குக் கற்பாறைபோல வண்ணந் தீட்டினர். கப்பல் சிறு தீவாயிற்று.

ஆனால், வேடம் மட்டும் போதுமா? தீவு நகராதல்லவா! எனவே பகலெல்லாம் கரையை அடுத்து நங்கூரமிட்டு அசையாது கிடந்தனர். இரவிலே மட்டும் ஓடினர். பொறுமையிழந்து ஒரு பகல் நகர்ந்திருந்தால், அந்தப் பச்சைமரங்களே அவர்களைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

மார்ச் 20ஆம் திகதி கப்பல் மேற்கு அவுஸ்திரேலியாவை அடைந்தது. அவ்வட்டாரத்திலிருந்த அதே வகையைச் சேர்ந்த ஏனைய மூன்று கப்பல்களும் தப்பவில்லை. இரண்டை அவற்றின் மாலுமிகளே மூழ்கடித்தனர். மூன்றாவதை யப்பானியர் அழித்தனர்.

தப்பியதோடு அதன் பணி முடியவில்லை. 1942 செப்டெம்பரில் அவுஸ்திரேலியக் கடற்படையிற் சேர்ந்து வணிகக் கப்பல்களுக்குக் காவல் புரிந்தது. 1943 ஜனவரியில், நீர்மூழ்கியொன்றை ஐயுற்று அவசரமாக வீசிய வெடிகளால் தானே சேதமுற்றுச் செப்பனிடப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் ஒல்லாந்தரிடம் மீண்டது. இன்று டென் ஹெல்டரில் கடற்படை அரும்பொருட்சாலையில் நிற்கின்றது.

வகுப்பறையிலே விரைந்து கையுயர்த்தும் மாணவனையே மெச்சிப் பழகியவன் நான். ஆயினும், ஓடவேண்டுமென்று உள்ளந் துடிக்கும்போது அசையாதிருப்பதும் வீரமே என்பதை அந்த 45 மாலுமிகள் எனக்கு உணர்த்தினார்கள்.