கறளும் வீட்டுக் கருவிகளும்

மாரி ஓய்ந்து தோட்ட வேலை தொடங்குங் காலத்தில், கொட்டிலின் மூலையிற் சாத்தி வைத்த மண்வெட்டியை எடுத்துப் பார்க்கும் கமக்காரன் முகஞ் சுளிக்கின்றான். முன்பு வெள்ளிபோல் மின்னிய அலகு செம்மண் நிறங் கொண்டிருக்கின்றது. அடுக்களையிற் பாக்குவெட்டியும் திருவலையும் தாச்சியும் அதே கோலத்திற் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்து மக்கள் இதனைக் கறள் என்பர்; துரு என்பதும் இதுவே.

கறள் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கன்று. இரும்பே நீரோடும் காற்றிலுள்ள ஒட்சிசனோடுங் கூடி அடைந்த வேற்றுருவம் அது. உப்பு இம்மாற்றத்தை விரைவுபடுத்தும். ஆதலாற் கடலோர ஊர்களில் இரும்பு விரைந்து அழிகின்றது. அலுமினியத்தின் மேற் படியும் ஒட்சைட்டு, மெல்லிய போர்வையாய் நின்று உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். கறளோ பொருமி உதிர்ந்து, ஈரம் உள்ளே புக வழிவிடும். இன்று புள்ளியாகத் தோன்றுவது நாளடைவிற் குழியாகும். கறளைப் போக்கலாம், அது தின்ற இரும்பை மீட்க இயலாது.

மேலோட்டமான கறளுக்குத் தேங்காய்த் தும்பும், அரித்தெடுத்த செங்கல் தூளும், சிறிது எண்ணெயும் போதும். ஆழப் பதிந்ததாயின் புளிப்பின் உதவி வேண்டும். எலுமிச்சஞ் சாறு, புளிக் கரைசல், வினாகிரி ஆகியவற்றிலுள்ள அமிலம் கறளைக் கரைக்கும். அலகை மட்டும் சில மணி நேரம் ஊறவிட்டு, இடையிடையே எடுத்துத் தேய்த்தல் வேண்டும், மரப்பிடி நனையலாகாது. நாட்கணக்கில் மறந்துவிட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரித்துவிடும். பின்னர் அப்பச் சோடா கலந்த நீராற் கழுவி, நன்னீரில் அலசுதல் நன்று.

பலர் இவ்வளவோடு நின்றுவிடுகின்றனர். புதிதாய் வெளிப்பட்ட இரும்பு மிக விரைவில் மீண்டுங் கறள் கட்டும். ஆகவே உடனே துடைத்து, வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ முற்றாய் உலர்த்தி, எண்ணெய் பூசவேண்டும். தாச்சிக்கு மெல்லென எண்ணெய் தடவிப் புகையெழும்வரை சூடாக்கினால், கரிய காப்புப் படலம் ஒன்று உண்டாகும்.

சில பொருள்களிற் கவனந் தேவை. நாகம் பூசிய வாளியை மணலாற் சுரண்டுவதும் புளியில் ஊறவைப்பதும் அதன் காப்பையே நீக்கிவிடும். வெளிற்றும் தூளைக் கறள் நீக்கப் பயன்படுத்தலாகாது. அது கறளைப் பெருக்கும். அதனை வினாகிரியோடு சேர்த்தால் நச்சுவாயுவான குளோரீன் எழும்.

கறளினால் ஏற்புவலி உண்டாகும் என்று பலர் கருதுகின்றனர். அந்நோய்க்குக் காரணம் மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒருவகைக் கிருமியே. மண்பட்ட ஆணி பளபளப்பாயிருப்பினும் ஆபத்தானதே. ஆழமாய்க் குத்துண்டவர் காயத்தைக் கழுவியவுடன், தடுப்பூசி தேவையா என வைத்தியரிடங் கேட்டறிதல் வேண்டும்.

அந்தியில் வேலை முடிந்ததும் மண்வெட்டியின் மண்ணைக் கழுவி, ஈரந் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவி, நிலத்திற் படாமல் மாட்டி வைப்பதற்கு நெடுநேரம் ஆகாது. இப்பழக்கத்தைச் சிறுவருக்குங் கற்பித்தல் பெற்றோர் கடன். தந்தையின் கருவி மைந்தன் கையிலும் உழைக்க வேண்டுமாயின், இச்சிறு பணி நாள்தோறும் நடைபெறுதல் வேண்டும்.