புரூஜும் காலிங்கராயனும்



பெல்ஜிய நாட்டுப் புரூஜ் நகருக்குச் செல்லும் கொங்குநாட்டார் எவரையும் முதலில் ஈர்ப்பவை, கால்வாய் நீரில் தலைகீழாய்த் தெரியும் செங்கல் வீடுகளே. கற்பாலங்கள், ஒடுங்கிய தெருக்கள், 83 மீட்டர் உயர்ந்த மணிக்கோபுரம் என இடைக்காலம் அங்கே இன்னும் விடைபெறாதிருக்கிறது.

அவ்வழகின் பின்னே ஓர் இழப்பு உண்டு. 1134இல் எழுந்த புயல்வெள்ளம் ஸ்வின் என்னும் கடல்வழியைத் திறந்தது. இங்கிலாந்தின் கம்பளி வந்தது. நெய்த துணி வெளியே சென்றது. பின்னர் அவ்வழி மணலால் தூர்ந்தது. வணிகம் ஆண்ட்வெர்ப்புக்குப் பெயர்ந்தது. செல்வம் அகன்றமையால் பழையன இடித்துப் புதியன கட்டும் தேவை பெரிதும் எழவில்லை. 1892இல் ரோடன்பாக் தம் புதினத்திற்கு ‘இறந்த புரூஜ்’ என்றே பெயரிட்டார். 2000இல் யுனெஸ்கோ அந்நகரின் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

புரூஜ் செழித்த அதே காலத்தில் கொங்கு மண்ணும் ஒரு நீர்வழி கண்டது. பவானியாறு காவிரியோடு கூடுமிடத்திற்குச் சற்று மேலே அணைகட்டிக் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் 1283இல் நிறைவுற்றது என்பது மரபு. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி, பேரூர்ப் படித்துறையைக் கடந்துவரும் நொய்யலில் அது சேர்கிறது. பாம்பு ஊர்ந்த தடத்தில் வெட்டியதால் வளைந்தது என்பர். வாட்டத்தை மெல்ல இறக்கி மேட்டுநிலத்துக்கும் நீர் எட்டச்செய்த கணக்கே அவ்வளைவு. தன்னலத்துக்காக வெட்டினான் என்னும் பழி எழாதிருக்க, தன் மரபினர் இந்நீரைத் தொடார் எனச் சூளுரைத்துப் பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தான் என்றும் கூறுவர்.

புரூஜைக் காத்தது பயனின்மை. காலிங்கராயனைக் காத்தது பயன். நெல்லும் மஞ்சளும் விளையும்வரை கரையை உழவர் விடார். ஆயினும் ஈரோட்டருகே சாயக்கழிவும் தோற்கழிவும் கலந்து அந்நீர் நிறம் மாறியதுண்டு. புரூஜின் நீரைக் காணக் கடல் கடந்து செல்வோர் பலர். காலிங்கராயன் நீரோ பேருந்துச் சன்னலோரம் கடந்து போகிறது. பார்க்கப்படாத நீரில் கழிவைக் கலப்பது எளிது.

பத்தாண்டு நிறைந்த இவ்விலக்கிய வட்டம், பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தை அவ்வணைக்கரையில் கூட்டட்டும். கவிஞர்கள் முதலில் அந்நீரைக் கண்ணால் காணட்டும். கவிதை பிறகு வரட்டும்.